மூலத்தைத் தூக்கி எறிகிறவர்கள்

ஒரு கணினி மொழியில் எழுதிய நிரலை இன்னொரு மொழிக்கு மாற்றித் தரும் கருவிகளை விற்கிறவர்கள் ஒரு பொய்யைச் சொல்கிறார்கள். கருவி வேலை செய்யும் என்று சொல்வதைப் பொய் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் வேலை செய்யத்தான் செய்யும். மாற்றி முடித்த மறுநாளிலிருந்து பழைய நிரல் உங்களுக்குத் தேவைப்படாது என்கிறார்களே, அதுதான் பொய். அந்த ஒரு வரியை நம்பி எத்தனையோ நிறுவனங்கள் தங்கள் மூலத்தை ஒரு டேப்பில் போட்டுப் பூட்டிவிட்டு, கருவி துப்பியதை மூலம் என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டிருக்கின்றன. அதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய வேலை மட்டும் ஓஎம்ஆரில் ஏதோ ஒரு மாடியில், போன வருஷம் கல்லூரி முடித்த ஒரு பையன் தலையில் விழுகிறது.

இப்படிப் பேசினால் உடனே ஒரு முத்திரை குத்துவார்கள். 'இவன் ஆட்டோமேஷனுக்கு எதிரி, கையால எழுதினாத்தான் கோடிங்குன்னு சொல்ற ஆளு.' கிடையவே கிடையாது. இந்தக் கருவிகள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. சொல்லப்போனால் அவற்றை நிறுவும்போதே அவை நம்மைப் பற்றிச் சில உண்மைகளைச் சொல்லிவிடுகின்றன. நாம்தான் காதில் வாங்குவதில்லை.

சி2ரஸ்ட் என்ற கருவியை எடுத்துக்கொள்வோம். சி மொழி நிரலை ரஸ்ட் மொழிக்கு மாற்றும் திறந்த மூலக் கருவி, காசு கிடையாது. கிளாங், எல்எல்விஎம் நூலகங்களைப் போட்டு, கார்கோவிடம் நிறுவச் சொன்னால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். அதற்குப் பிறகுதான் அது தன் முதல் கேள்வியைக் கேட்கும்: உன் நிரலை நீ எப்படி கம்பைல் செய்கிறாய்? ஒவ்வொரு கோப்பும் என்னென்ன ஃப்ளாகுகளோடு கம்பைல் ஆகிறது, ஹெடர் கோப்புகளை எங்கிருந்து எடுக்கிறது என்று வரிசையாகச் சொல்லும் ஒரு ஜேசன் கோப்பு அதற்கு வேண்டும். சிமேக் பயன்படுத்துகிறவர்களுக்கு அது சுலபமாகக் கிடைத்துவிடும். பழைய மேக்ஃபைல்காரர்கள் 'பேர்' மாதிரி இன்னொரு கருவியைப் பக்கத்தில் உட்காரவைத்து, முழு பில்டையும் ஒருமுறை ஓட்டிக் காட்ட வேண்டும். அது வேவு பார்த்து எழுதித் தரும்.

இதற்கு என்ன அர்த்தம்? பழைய நிரலை மாற்ற வேண்டும் என்றால், முதலில் பழைய நிரலை உங்களால் பில்ட் செய்ய முடிய வேண்டும்.

சின்ன விஷயம் மாதிரி இருக்கிறது, இல்லையா? நான் இருந்த ஓர் அணியில் இந்த ஒரு படிக்கே மூன்று வாரம் போனது. பில்ட் ஆகும் மெஷின் ஒன்றே ஒன்றுதான். அதில் இருந்த ஒரு ஹெடர் கோப்பு வேறு எங்கேயும் இல்லை, வெர்ஷன் கன்ட்ரோலில்கூட இல்லை. அதை அங்கே வைத்தவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார். மேனேஜர் தினமும் காலையில் கேட்பார்: 'என்னப்பா, டூல் ரன் பண்ணியாச்சா?' இன்னும் இல்லைங்க, பழைய பில்டே வரலை. 'பழசு எதுக்குப்பா நமக்கு? அதைத்தான் தூக்கப்போறோமே!' இந்த உரையாடலை நான் ஜோடித்துச் சொல்லவில்லை. கருவி கேட்ட கேள்வி ரொம்ப நியாயமானது. உன்னிடம் இருப்பது என்னவென்று உனக்குத் தெரியுமா என்று கேட்டது. தெரியாது என்பதுதான் எங்கள் பதில். அந்தப் பதிலோடுதான் மாற்றத்துக்குக் கிளம்பினோம்.

இரண்டாவது உண்மை கொஞ்சம் நுட்பமானது. சி நிரலில் 'இஃப்டெஃப்' என்று பிரிவுகள் இருக்கும். விண்டோஸ் என்றால் இந்தப் பத்து வரி, லினக்ஸ் என்றால் அந்தப் பத்து வரி. சி2ரஸ்ட் பார்ப்பது ப்ரீபிராசஸர் வேலை செய்து முடித்த பிறகு மிஞ்சுகிற நிரலை. லினக்ஸ் மெஷினில் ஓட்டினால் விண்டோஸ் வரிகள் அதன் கண்ணிலேயே படாது. அதிகபட்ச வாடிக்கையாளர் எண்ணிக்கை என்று நீங்கள் பெயர் வைத்து எழுதிய மேக்ரோ, வெறும் 500 என்ற எண்ணாகப் போய்ச் சேரும் வாய்ப்பு அதிகம். அந்த 500 ஏன் 500 என்பது பெயரில்தான் இருந்தது. வெளியே வரும் ரஸ்ட், உங்கள் நிரல் ஒருநாள் ஒரு மெஷினில் எப்படி இருந்தது என்பதன் புகைப்படம்.

இதில் சி2ரஸ்டைக் குறை சொல்ல எதுவுமில்லை. தான் என்ன செய்கிறேன் என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது: செயல்பாட்டைக் காப்பாற்றுவேன், சி எப்படி இருந்ததோ அதை ஒட்டியே ரஸ்ட் இருக்கும், வெளிவருவது 'அன்சேஃப்' ரஸ்ட். ரஸ்டில் 'அன்சேஃப்' என்ற சொல்லுக்கு, இங்கே நினைவகப் பாதுகாப்பை கம்பைலர் முழுசாகச் சரிபார்க்காது, எழுதியவரே பொறுப்பு என்று பொருள். மாற்றப்பட்ட நிரலில் ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன் அந்தச் சொல் நெற்றியில் எழுதியிருக்கும். சியில் இருந்த பாயின்டர் பிழை அத்தனையும் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கும். ஆனால் மீட்டிங்கில் போகிற ஸ்லைடில் என்ன இருக்கும்? 'ரஸ்டுக்கு மாறிவிட்டோம், இனி பாதுகாப்பு.'

இந்த மாதிரி நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறேன். நம்மில் கொஞ்சம் வயதானவர்களுக்கு பாமினி, டிஸ்கி, டாப் காலம் ஞாபகம் இருக்கும். பாமினியில் தட்டிய கட்டுரையை ஒரு பெட்டியில் ஒட்டினால் இன்னொரு பெட்டியில் யூனிகோடு வந்து விழும். அதில் உள்ள சிக்கல், ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் கிடக்கும், அதைத் தூக்கிப் பின்னால் போட வேண்டும் என்கிற அளவுதான். இந்தக் குறிக்கு அந்தக் குறி என்று ஓர் அட்டவணை போதும். கட்டுரையில் என்ன எழுதியிருக்கிறது என்று மாற்றிக்கு ஒரு வார்த்தைகூடத் தெரிய வேண்டியதில்லை. மேலாளர்கள் மனதில் கோபாலிலிருந்து ஜாவாவுக்குப் போவதும் இதே சங்கதிதான். எழுத்துரு மாற்றம் மாதிரி.

நிஜத்தில் அது ஓலைச்சுவடியை அச்சுக்குக் கொண்டுபோவது மாதிரி. சுவடியில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் அப்படியே. துணைக்காலும் ரகரமும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஏட்டில் ஒரு சொல் இருக்கிறது. அது எரியா, ஏரியா? பாட்டின் பொருள் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து முடிவுசெய்தால்தான் அச்சில் ஏற்ற முடியும். பழைய எழுத்தில் ஒரே குறி இரண்டு வேலை பார்த்தது, புது எழுத்து அதைப் பிரித்துக் காட்டச் சொல்கிறது. பிரிக்க வேண்டிய தகவல் எழுத்தில் இல்லை, வாசிக்கிறவர் தலையில் இருக்கிறது.

பைத்தான் 2-இலிருந்து 3-க்குப் போனபோது அப்படியே இதுதான் நடந்தது. 2008 டிசம்பரில் பைத்தான் 3.0 வந்தது. கூடவே 2to3 என்ற மாற்றுக் கருவியையும் கொடுத்தார்கள். மொழியை உருவாக்கியவர்களே தந்த கருவி, இதைவிட என்ன வேண்டும்? பிரின்ட்டுக்கு அடைப்புக்குறி போடுவது போன்ற வேலைகளை அது அழகாகச் செய்தது. ஆனால் வகுத்தல் குறியை மட்டும் தொடவில்லை. பைத்தான் 2-இல் 3/2 என்றால் 1, பைத்தான் 3-இல் 1.5. நிரலில் இரண்டு மாறிகளுக்கு நடுவே ஒரு சாய்கோடு இருக்கிறது. எழுதியவர் முழு எண் வேண்டும் என்று நினைத்தாரா, தசமம் வேண்டும் என்று நினைத்தாரா? அந்த மாறிகளுக்குள் என்ன வரும் என்பது ஓடும்போதுதான் தெரியும். எரியா ஏரியா என்ற அதே கேள்வி. கருவி தெரியாததைத் தெரியும் என்று பாவனை செய்யாமல் விலகிக்கொண்டது. அதே கதைதான் சரத்துக்கும் பைட்டுக்கும்.

2to3-க்கு முதலில் சொல்லப்பட்ட பயன்முறை கவனிக்க வேண்டியது. பைத்தான் 2 நிரலையே மூலமாக வைத்துக்கொள், அதையே திருத்து, ஒவ்வொரு முறையும் கருவியை ஓட்டி பைத்தான் 3-ஐ வரவழை, வந்ததைக் கையால் தொடாதே என்றார்கள். நல்ல யோசனை. ஆனால் நடைமுறையில் நிறையப் பேர் இரண்டிலும் ஓடுகிற ஒரே நிரலை எழுதும் வழிக்குப் போனார்கள், அதற்கு 'சிக்ஸ்' என்றொரு நூலகம் வந்தது. (இரண்டும் மூன்றும் பெருக்கினால் ஆறு. பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.) பைத்தான் 2-ஐக் கைவிடும் தேதி 2015-இலிருந்து 2020 ஜனவரி 1-க்குத் தள்ளிப்போனது. கருவி கையில் இருந்தும் பதினோரு வருஷம். அந்தப் பதினோரு வருஷமும் மனிதர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு சாய்கோட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னால் பெரிய மிகை இல்லை.

மாற்றுக் கருவியை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் டெக். டொனால்ட் குனுத் எழுதிய அச்சுக்கோப்பு நிரல். கணக்கு, இயற்பியல் ஆய்வுக் கட்டுரைகளை உலகம் முழுக்க இன்றைக்கும் அதை வைத்துத்தான் கோக்கிறார்கள். யூனிகோடு தமிழில் புத்தகம் வடிவமைக்க ஸீடெக் பயன்படுத்தும் நண்பர்கள் சிலரும் இதைப் படிக்கக்கூடும். குனுத் டெக்கை வெப் என்ற தன் முறையில் எழுதினார். நிரலும் விளக்க உரையும் பின்னிக் கிடக்கும் ஒரே ஆவணம். அதிலிருந்து பிரிந்து வருவது பாஸ்கல் நிரல். இன்றைக்கு அதை பாஸ்கலாகவே கம்பைல் செய்கிறவர்கள் ரொம்பக் குறைவு. வெப்2சி என்ற கருவி அதை சி மொழிக்கு மாற்றும், அந்த சி கம்பைல் ஆகும். ஸீடெக்கும் அந்த வழியில்தான் வருகிறது.

பல பத்தாண்டுகளாக இப்படித்தான் நடக்கிறது. அந்த சி நிரலை யாராவது மூலம் என்று சொல்கிறார்களா? யாராவது அதைத் திறந்து கைவைக்கிறார்களா? ஒவ்வொரு பில்டிலும் புதிதாகப் பிறந்து வேலை முடிந்ததும் மறக்கப்படும் பொருள் அது. 2021-இல் குனுத் சில திருத்தங்கள் செய்து பதிப்பு எண்ணை 3.141592653 ஆக்கினார். திருத்தம் வெப் கோப்பில்தான் நடந்தது, கருவி மறுபடி ஓடியது, அவ்வளவுதான். இதில் இன்னொன்று: வெப்2சி பாஸ்கல் முழுவதையும் மாற்றத் தெரிந்த கருவி கிடையாது. டெக் குடும்பத்து நிரல்களில் வருகிற பாஸ்கலுக்காகச் செய்யப்பட்டது. எல்லோருக்கும் எல்லாம் மாற்றித் தருவேன் என்று அது பேனர் கட்டவில்லை.

எஃப்2சி-யும் இப்படித்தான். ஃபோர்ட்ரான் 77-ஐ சி மொழிக்கு மாற்றும் பழைய பெல் லேப்ஸ் கருவி. ஃபோர்ட்ரானில் அணியின் முதல் இடம் 1, சியில் 0. அதற்கு எஃப்2சி செய்யும் தந்திரம், ஃபங்ஷன் தொடக்கத்திலேயே பாயின்டரை ஓர் இடம் பின்னால் நகர்த்திவிடுவது. படித்தால் தலை சுற்றும், ஆனால் விடை சரியாக வரும். நம்பை உள்ளே வைத்திருக்கும் லாபாக் துணுக்கு, ஃபோர்ட்ரானிலிருந்து இப்படி மாற்றிய சி தான். பக்கத்திலேயே அதைத் திரும்ப உருவாக்கும் நிரலையும் வைத்திருக்கிறார்கள். நான் கேட்பது அந்தப் பக்கத்துக் கோப்பை மட்டும்தான்.

'அப்படியானால் மூலத்தை ஒருபோதும் விடவே கூடாதா? பாஸ்கலிலும் கோபாலிலும் சாக வேண்டுமா?' விடலாம். கோ மொழியின் கம்பைலர் முதலில் சியில் எழுதப்பட்டது. 2015 ஆகஸ்டில் வந்த கோ 1.5-இல் அது கோவிலேயே இருந்தது. கருவி வைத்துத்தான் மாற்றினார்கள். ஆனால் அந்தக் கருவியை எழுதியது அதே குழு. தாங்கள் எழுதிய சி, தாங்கள் வடிவமைத்த கோ, அந்த ஒரே நிரல்தொகுப்புக்காக எழுதிய மாற்றி. அப்படியிருந்தும் கோ 1.5-இன் வெளியீட்டுக் குறிப்பில் அவர்களே ஒளிக்காமல் எழுதினார்கள்: தானியங்கி மாற்றத்தால் வந்த கோ இயல்பான கோ மாதிரி இல்லை, பில்ட் நேரம் சுமார் இரண்டு மடங்கு ஆகும் என்று. அதன் பிறகு பல வெளியீடுகள் உட்கார்ந்து துடைத்தார்கள். மாற்றத்தை அவர்கள் வேலையின் தொடக்கமாக வைத்துக்கொண்டார்கள். நிரலை எழுதியவர்களும் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். கோபாலிலிருந்து ஜாவாவுக்கு மாற்றும் வேலைகள் சென்னைக்கு வருகின்றன, இன்னும் வரும். அப்படி மாற்றப்பட்ட நிரலுக்கு ஆங்கில உலகில் ஒரு கேலிப்பெயரே உண்டு, ஜோபால். கோபாலில் ஒரே நினைவிடத்தை இரண்டு விதமாக வாசிக்க 'ரீடிஃபைன்ஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது. அதே எட்டு எழுத்து ஒருமுறை தேதி, இன்னொருமுறை கணக்கு எண். ஜாவாவில் அப்படி ஒன்றும் கிடையாது. மாற்றி என்ன செய்யும்? ஒரு பைட் அணியை நடுவில் வைத்து, சுற்றிலும் எடுக்கவும் வைக்கவும் மெத்தடுகளை முளைக்க வைக்கும். இலக்கணம் ஜாவா, சிந்தனை கோபால். ஜாவா தெரிந்த பையனுக்கு இது ஏன் இப்படி என்று புரியாது. கோபால் தெரிந்த பெரியவருக்கு இந்த எழுத்தே புரியாது. இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஒரு மூன்றாம் மொழியை உருவாக்கி, அதற்கு நவீனமயமாக்கல் என்று பெயர் வைக்கிறோம்.

பணக் கணக்கைப் பாருங்கள். கோபாலில் இரண்டு தசமம் வரை வைத்திருக்கும் ஒரு புலத்தில் 200-ஐ 3-ஆல் வகுத்துப் போடுகிறீர்கள். 'ரவுண்டட்' என்று சேர்த்தால் 66.67. சேர்க்காவிட்டால் வெட்டிவிடும், 66.66. நல்ல மாற்றி இதை ஒழுங்காக ஜாவாவில் கொண்டுவரும், கீழ்நோக்கி வெட்டு என்று வெளிப்படையாகவே எழுதும். விடை ஒரு பைசா பிசகாது, சோதனைகள் எல்லாம் பச்சை காட்டும். சரி, அந்த வெட்டு வங்கியின் கொள்கையா, முப்பது வருஷத்துக்கு முன் ஒருவர் எழுத விட்டுப்போன சொல்லா? அடுத்த வருஷம் வட்டிக் கணக்கு மாறுகிறது, அந்தப் பையன் அந்த வரியைத் திருத்த வேண்டும். வெட்டுவதா, முழுமையாக்குவதா? யாரைக் கேட்பான்?

கேட்க ஓர் ஆள் இருந்தார். நான் பார்த்த ஒரு ப்ராஜெக்டில் அவர் ஐம்பத்தேழு வயது மனிதர், மெயின்ஃப்ரேம் ஆள். மாற்றம் நடந்த மாதங்களில் யாரும் அவரிடம் போகவில்லை. நான் ஒருமுறை, சார் இந்த இடத்துல ஏன் ரவுண்ட் பண்ணலை என்று கேட்டேன். 'தம்பி, அது 93-ல ஆடிட்டர் சொல்லி எடுத்தது. கீழ கமென்ட்ல இருக்கும் பாருங்க' என்றார். கமென்ட் கோபால் கோப்பில் இருந்தது. ஜாவா கோப்புக்கு வரவில்லை. புது சிஸ்டம் லைவ் ஆன அதே மாதத்தில் அவர் ஒப்பந்தம் முடிந்தது, கோபால் கோப்புகள் காப்பகத்துக்குப் போயின. சேமிப்பு என்று கணக்குக் காட்டியதில் அவர் சம்பளமும் ஒரு வரி. இதை ஒரு தொழில்நுட்பத் தோல்வி என்று யாரும் பதிவு செய்யவில்லை. ஏனென்றால் எதுவும் உடையவில்லை.

இப்போது எல்லோரும் கேட்பார்கள்: அதெல்லாம் பழைய கருவிகள், செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, அது அழகான ஜாவாவாகவே எழுதித் தருமே? தரும். நானும் பயன்படுத்துகிறேன், வேலைக்கு ஆகிறது. அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்பாவே சியை ரஸ்டுக்கு மாற்ற 'டிராக்டர்' என்ற திட்டத்தை 2024-இல் அறிவித்தது, அதுவும் நல்ல ரஸ்டாக வர வேண்டும் என்ற இலக்கோடு. ஆனால் என் சண்டை அங்கே தீரவில்லை, கூடுகிறது. எஃப்2சி-யின் வெளியீடு அசிங்கமாக இருக்கும். சி2ரஸ்ட் வரிக்கு வரி 'அன்சேஃப்' என்று கத்தும். அந்த அவலட்சணத்தைப் பார்த்தாலே, இது மாற்றப்பட்டது, மூலம் வேறெங்கோ இருக்கிறது என்று தெரிந்துபோகும். மொழி மாதிரி எழுதுவதில் அந்தத் தழும்பு கிடையாது. மாறிகளுக்கு நல்ல பெயர் வைக்கும். போகிற போக்கில் கமென்ட்கூட எழுதும்: 'தொகையைக் கீழ்நோக்கி வெட்டுகிறது.' ஆடிட்டர் சொன்னார் என்று எழுதாது, அது அதற்குத் தெரியாது. எரியா ஏரியா என்ற இடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தேர்ந்தெடுத்த தடயமே இல்லாமல் நகர்ந்துவிடும். 2to3 அந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. எனக்கு 2to3-யின் பண்பு பிடித்திருக்கிறது.

ஆகவே இந்த வேலையில் இருக்கும் நண்பர்களுக்கு, முக்கியமாக முதல் ப்ராஜெக்டே மைக்ரேஷன் என்று மாட்டிக்கொண்ட தம்பி தங்கைகளுக்கு: கருவியை நிறுவச் சொன்னால் நிறுவுங்கள், ஆனால் பழைய நிரல் பழைய மெஷினில் பில்ட் ஆகி ஓடுவதை முதலில் உங்கள் கண்ணால் பாருங்கள். அது ஓடும் நிலையிலேயே, கமென்ட்டுகளோடு, புதிய நிரலின் பக்கத்திலேயே வெர்ஷன் கன்ட்ரோலில் இருக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். மாற்றப்பட்ட ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எந்தக் கோப்பிலிருந்து, எந்தக் கருவியால், எந்தப் பதிப்பால் வந்தது என்ற வரி வேண்டும். மொழி மாதிரி வைத்து மாற்றினால் இது இரண்டு மடங்கு அவசியம். அந்தப் பெரியவரோடு ஒரு மாதம் உட்கார நேரம் கேளுங்கள், அந்த நேரத்துக்கு ப்ராஜெக்ட் பணம் கொடுக்க வேண்டும், உங்கள் சனிக்கிழமை கிடையாது. 'அதெல்லாம் ஸ்கோப்ல இல்லைப்பா' என்பார்கள். இல்லை என்பதையும் மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தத் திட்ட அட்டவணையில் கடைசிக்கு முந்தின வரி ஒன்று இருக்கும்: 'பழைய மூலம் நீக்கம்.' பக்கத்தில் தேதி போட்டிருப்பார்கள். பொறுப்பாளர் என்ற கட்டத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நான் பார்த்த அட்டவணைகளில் அது காலியாகவே இருந்தது.